அக்காவின் படையலுக்கு ஒரு கிளாஸ்

"அவளுக்கு என்னென்ன விருப்பம்?" என்று அண்ணன் கேட்டார்.

அக்கா செத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. எட்டுச் செலவுக்கு என்ன சமைப்பது என்று பேச விறாந்தையில் கூடியிருந்தோம். எட்டு என்று பேர் இருந்தாலும் எட்டாம் நாள்தான் செய்யவேண்டும் என்று எங்கள் பக்கம் கட்டாயமில்லை. முப்பத்தோராம் நாளுக்கு முன்னால் தோதான ஒரு நாளில், செத்தவர் உயிரோடு இருந்தபோது எதிலெல்லாம் ஆசைப்பட்டாரோ அதையெல்லாம் ஆக்கி, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அதன் பிறகு அந்தியேட்டிக் கிரியை, ஐயர், தேவாரம், மரக்கறிச் சமையல் என்று எல்லாம் ஒழுங்காகிவிடும். அந்த ஒரு நாள் மட்டும் ஒழுங்கு பார்ப்பதில்லை. மீனோ இறைச்சியோ சுருட்டோ, செத்தவரின் நாக்குக்கு எது பிடித்ததோ அதுதான் சட்டம்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். நண்டுக் கறி என்றார் சித்தி. பால் புட்டு, பாரைமீன் பொரியல். ஜெர்மனியில் கனகாலம் இருந்தவள் என்பதால் கசக்கும் கறுத்தச் சொக்கிலேட். "நல்ல கோப்பி," என்றாள் மச்சாள், அண்ணனின் மனைவி. எல்லாம் உண்மைதான். ஒன்றை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது தெரியும் என்பது, ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது.

"பின்னேரம் ஒரு கிளாஸ்," என்றேன், இளைய தங்கச்சி நான்.

"என்ன கிளாஸ்?"

"என்ன கிளாஸ் எண்டு உங்களுக்குத் தெரியும் அண்ணை. அவ வடிச்சது."

அண்ணன் சால்வையை உதறித் தோளில் போட்டார். அவர் கோபத்தின் முதல் படி அது. "பொம்பிளையின்ரை படையலிலை சாராயமோ? உனக்கென்ன விசரே?"

"அப்பாவின்ரை எட்டுக்குப் போத்தல் வைச்சது ஆர்? நீங்கள்தானே. மூடியும் திறந்து வைச்சனீங்கள், அவருக்குக் கை நடுங்கும் எண்டு."

"அப்பா ஆம்பிளை."

அவ்வளவுதான் விஷயம்.

"கிளாஸ் வைச்சால் நான் படைக்கமாட்டன்," என்று அண்ணன் எழுந்தார். "பேந்து உன்ரை கொக்காவுக்கு நீயே படைச்சுக்கொள்." அக்காவுக்குப் பிள்ளையில்லை. புருசன் ஜெர்மனியிலேயே செத்துப்போனவர். கொள்ளி வைத்தவர் அண்ணன்; படைக்க வேண்டியவரும் அவர்தான். ஆகவே அந்தச் சொல் வெறும் வெருட்டு இல்லை. கிளாஸ் வைத்தால் என் அக்காவுக்குப் படைக்க ஆம்பிளை இல்லை. வைக்காவிட்டால் படையலில் என் அக்கா இல்லை. வேறு யாரோ ஒரு நல்ல பெண்ணுக்கு நண்டுக் கறி படைத்ததாகத்தான் ஆகும்.

அக்கா சாராயம் வடித்த பாத்திரத்தின் கதையைச் சொல்லாமல் இது விளங்காது. அக்கா ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்தபோது அவள் பெட்டிக்குள், கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே சுற்றி, அதுவும் வந்தது. ஒரு சின்னக் குடமளவு செம்பு வயிறு. அதன் வாயில் வெங்காயம்போல ஒரு மூடி. மூடியின் உச்சியிலிருந்து கொக்குக் கழுத்தாக வளைந்து இறங்கும் ஒரு குழாய். குழாயின் மறுமுனையில் ஒரு சுருள். அது வாளித் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இதென்ன என்று கேட்டிருக்கிறார்கள். கோயிலுக்குப் பன்னீர் வடிக்கிற பாத்திரம் என்றாளாம். அது பொய்யாகக் கிடக்கக் கூடாது என்று, வந்த புதிதில் ரோசாப்பூ வாங்கி ஒரு போத்தல் பன்னீர் வடித்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கொடுத்தாள். அண்ணன் அந்தக் கோயில் பரிபாலன சபையில் இருக்கிறார். திருவிழாவில் வந்தவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே தெளித்து, "ஜெர்மனியிலையிருந்து வந்த தங்கச்சி வடிச்சது, கடைப் பன்னீர் கிட்டவும் வராது," என்று பெருமைப்பட்டார். பன்னீர் வருகிற மட்டும் அது நல்ல பாத்திரமாகத்தான் இருந்தது.

அதன் உண்மையான வேலை முந்திரிகையில் தொடங்கியது. திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம். உடுவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பந்தல் இருக்கிறது. தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் பார்த்துவருகிறேன். குலை கறுத்து வருகிற நேரம் பார்த்து, காலம் தப்பி ஒரு மழை பெய்தால் பழமெல்லாம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி தொடமாட்டார். அந்த வருசமும் அப்படிப் பெய்தது. கொடிகாமம் சந்தைவரை ஓட்டோவில் கொண்டுபோய், ஈ மொய்க்க மொய்க்கத் திரும்பக் கொண்டுவந்து இறக்கினேன். மாட்டுக்குப் போடுவோம் என்றேன். அக்கா ஒரு பழத்தை வாயில் போட்டுத் தோலைத் துப்பினாள்.

"மாட்டுக்கேன்? நாங்கள் இருக்கிறமெல்லே," என்றாள்.

அவள் இருந்த ஜெர்மன் ஊர் மலைக்காடு. அங்கே தோட்டம் வைத்திருக்கிறவர்கள் தங்கள் பழத்தைத் தாங்களே வடித்துக்கொள்வார்களாம். அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி பியர்ஸ் பழத்தில் வடிப்பாளாம். தாலியறுத்த என் அக்காவுக்குச் செத்தவீட்டு நாளன்று அவள் கொண்டுவந்து கொடுத்தது கேக்கும் இல்லை, பூவும் இல்லை, ஒரு கிளாஸ். அழுதுகொண்டே குடித்தேன், பிறகுதான் நித்திரை வந்தது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். வடிக்கக் கற்றுக்கொண்டதும் அவளிடம்தான்.

முதல் தடவை நாங்கள் விட்ட பிழையை யாழ்ப்பாணத்துக்காரர் மட்டும்தான் விடலாம். மூடியும் குழாயும் பொருந்துகிற இடத்தில் ஆவி போகாமல் மாவைக் குழைத்து அப்ப வேண்டும். கோதுமை மா முடிந்துபோயிருந்தது. குசினியில் கிடந்தது ஒடியல் மா. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா. கூழுக்கு அதைவிட ஒட்டுகிற மா உண்டா என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நன்றாகவே ஒட்டியது. சூடு ஏற ஏற அதன் கைப்பும் மணமும் ஆவியோடு உள்ளே போயிருக்க வேண்டும். வடிந்து வந்ததைக் குடித்தால், தொண்டை எரிந்து முடிகிற இடத்தில் ஒடியல் கூழ் நிற்கிறது. கூழுக்குள் போடுகிற நண்டுத் துண்டு ஒன்றுதான் குறை. அக்கா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். ஜெர்மனிக்காரி இதைக் குடித்திருந்தால் ஊரைவிட்டு ஓடியிருப்பாள் என்றாள்.

அடுத்த தடவை கோதுமை மா. அது சரியாக வந்தது. முதலில் சொட்டுவதைக் குடிக்கக் கூடாது. அது கண்ணுக்கும் ஈரலுக்கும் ஆகாதது, மூக்கில் குத்தும். அக்கா அதைக் கொட்டிவிடுவாள். பிறகு வருவதுதான் சாராயம். கடைசியில் வருவது ஈரச்சாக்கு மணக்கும், அதையும் எடுக்கமாட்டாள். நடுவில் வருவதை ஆற விட்டு, கொதித்தாறிய தண்ணீர் கலந்து, ஒரு சின்னத் தடித்த கிளாசில் விட்டு எனக்கு நீட்டினாள். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில் நான் முதன்முதல் ஒழுங்காகக் குடித்த சாராயம் அது. முதலில் எரிந்தது. பிறகு பழம் வந்தது. என் பந்தலில் வெயில் குடித்துக் கறுத்த பழம், மழையில் வெடித்துப் போனது என்று நான் கைவிட்ட பழம், அப்படியே வாய்க்குள் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எரிவில்தான் கலங்கியது என்று அக்காவிடம் சொன்னேன்.

எங்கள் நாட்டில் வீட்டில் வடிப்பது சட்டத்துக்கு ஆகாது. தெரியாமல் செய்தோம் என்று நான் சொல்லப்போவதில்லை. தெரிந்துதான் செய்தோம். ஒரு துளி விற்கவில்லை. மூட்டு நோவுக்குப் பூச என்று அயலில் இரண்டு மூன்று பெண்கள் சின்னப் போத்தல்களில் வாங்கிக்கொண்டு போவார்கள். பூசுகிற மருந்து அவ்வளவு கெதியாக எப்படி முடிகிறது என்பது அவர்கள் மூட்டுக்குத்தான் வெளிச்சம். குடியால் அழிந்த வீடுகளும் எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையிலேயே, இதே சின்னத் தெருவிலேயே, இருக்கின்றன. அந்த வீடுகளில் குடித்ததெல்லாம் ஆம்பிளைகள், அழிந்ததெல்லாம் பெண்டுகளும் பிள்ளைகளும். அந்த வீடுகளைக் காட்டி என் அக்காவின் ஒரு கிளாசை அடக்க வருகிறவர்கள், அந்த வீடுகளின் வாசல் படலையைத் தட்டி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அண்ணன் குடிக்காதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் வீட்டு முன்னறைக் கதவு சாத்தியிருக்கும். மச்சாள் பொரித்த இறைச்சியைக் கொண்டுபோய்க் கதவடியில் கொடுத்துவிட்டு வருவாள். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தமெல்லாம் அவருக்கு ஒரு போத்தல் கொண்டுவரும். அக்காவும்தான் கொண்டுவந்தாள். குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர் என்று எங்கள் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்?

அவருக்கு உறுத்தியது அக்கா குடித்ததுகூட இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் குடித்த இடம். பின்னேரம் குளித்து, விளக்கேற்றி, திருநீறு பூசி, வீட்டில் போடுகிற சோட்டியோடு முன் விறாந்தைக் கதிரையில் வந்து இருப்பாள். பக்கத்து ஸ்டூலில் அந்தச் சின்னக் கிளாஸ் இருக்கும். ஒழுங்கையால் போகிற சனம் பார்க்கும். கும்பிட்டால் இவளும் கும்பிடுவாள். ஒரு கிளாஸ்தான், அதற்கு மேல் தொடமாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அதுவும் இல்லை.

"உள்ளுக்கு வைச்சுக் குடியன். ஆர் வேண்டாம் எண்டது?" என்று அண்ணன் ஒருநாள் வந்து கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"உள்ளுக்குப் போனால், நான் செய்யிறது பிழை எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரியெல்லே அண்ணை?"

"சனம் கதைக்குது."

"கதைக்கட்டுமன். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலாது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என் கிளாசைப் பார்த்தேன். அன்றைக்கு என்னுடையதும் ஸ்டூலில்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய சண்டை சரஸ்வதி பூசையன்று வந்தது. ஆயுதங்களை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்துப் கொலுப்படிக்குக் கீழே அடுக்குவோம். மண்வெட்டி, அரிவாள், தையல் மெசின், கொடி வெட்டுகிற கத்தரி. அவற்றோடு பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிய செம்புப் பாத்திரமும் இருந்தது. வயிற்றில் திருநீற்றால் மூன்று குறி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பார்க்கச் சின்னப் பிள்ளையார்போலத்தான் இருந்தது. சுண்டலுக்கு வந்த அண்ணன் கும்பிடக் கையை எடுத்தவர், எடுத்த கையோடு நின்றுவிட்டார்.

"இதென்ன கோதாரி!"

"என்ரை ஆயுதம் அண்ணை. என்ரை கையாலை தெரிஞ்ச தொழில்."

"தொழிலோ? விக்கிறியோ?"

"விக்கிறதெண்டால் சாராயத் தவறணையெல்லே வைச்சிருப்பன். நீங்களும் வந்திருப்பியள்."

அண்ணன் சுண்டலைத் தொடாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அக்காவைத் தூக்கத்தான்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவள் எழும்பவில்லை. இருதயம் என்றார் டொக்டர். குடித்துத்தான் செத்தாள் என்றது சனம். குடிக்காமல் செத்தவர்கள் எல்லாரும் எதனால் செத்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவள் இருந்த கதிரையைப் பார்க்கமுடியவில்லை. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன், பிறகு அப்படிப் பார்க்கவும் முடியாமல் திரும்ப நேராக்கினேன்.

அவள் போவதற்குச் சில நாள் முன்னால்தான், மழையில் வெடித்த குலைகளை மிதித்து பீப்பாய் மாதிரியான நீலப் பிளாஸ்டிக் பரலில் போட்டு வைத்திருந்தாள். அது பின்தாழ்வாரத்தில், பின்பத்தியில், துணி கட்டி இருந்தது. செத்தவீட்டன்று முன்னால் பறைமேளம் அடிக்கிறது, பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், பின்னால் பரல் தன்பாட்டில் நுரைத்துக்கொண்டு இருக்கிறது. "என்ன மணம் உது?" என்று அழுகைக்கு இடையில் ஒரு மனுசி கேட்டாள். "முந்திரிகை," என்றேன். அக்கா முன்னம் வடித்து மிச்சம் வைத்திருந்த இரண்டு போத்தலையும் பந்தல் போட வந்த ஆம்பிளைகள் கண்டுபிடித்துக் கிணற்றடியில் வைத்து முடித்துவிட்டார்கள். "அக்கா நல்லா வடிச்சிருக்கிறா," என்று அதில் ஒருவன் என்னிடமே வந்து கண்ணைத் துடைத்தான். அண்ணனும் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் வெகு நேரம் கழித்துத்தான் வந்தார். செத்தவளின் சாராயத்தைச் செத்தவீட்டிலேயே குடிக்கலாம், அதை அவளுக்கு வைக்கக் கூடாது. இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

விறாந்தைக் கூட்டம் கலைந்தபோது அண்ணன் படலையடியில் நின்று இன்னொன்றும் சொன்னார்.

"அந்தப் பரலைக் கொண்டுபோய் வாழைக்குள்ளை ஊத்து. செத்த துடக்கு வீடு இது."

"துடக்கு எனக்குத்தான் அண்ணை. முந்திரிகைக்கு இல்லை. அது நிக்காமல் நுரைக்குது."

சொல்லுவது சுலபம். போத்தல்கள் காலி. படையலுக்குக் கிளாஸ் வேண்டுமென்றால் நான்தான் வடிக்க வேண்டும். இத்தனை காலமும் நான் வாளிக்குத் தண்ணீர் அள்ளினேன், மா குழைத்தேன், பகிடி விட்டேன். எப்போது நல்லது வருகிறது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவள் மூக்குக்குத்தான் தெரியும்.

சில நாள் கழித்து ஒரு காலையில் பின்பத்தியில் காஸ் அடுப்பை வைத்தேன். நுரை அடங்கியிருந்தது. சாற்றைத் துணியில் வடித்துச் செம்பில் ஊற்றினேன். அவசரத்தில் தோலும் கொஞ்சம் விழுந்துவிட்டது. மூடியை வைத்து, மாவை அப்பி, கையைக் கழுவிக்கொண்டு இருந்தேன். கன நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செம்பு முனகியது. குழாயில் கை வைத்தால் சுட்டது. சுருளின் வாயில் ஒரு துளி திரண்டு, விழுவோமா வேண்டாமா என்று நின்று, விழுந்தது. அக்கா என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன்.

முதலில் வந்ததைக் கொட்டினேன். அவள் செய்வதுபோல உள்ளங்கையில் ஒரு துளி விட்டுத் தேய்த்து மணந்தேன். குத்தியது. இன்னும் கொட்டினேன். திரும்பத் தேய்த்தேன். குத்துகிறதா, இல்லை அழுது அழுது என் மூக்குத்தான் அப்படியா என்று விளங்கவில்லை. பயத்தில் தேவைக்கு மேலேயே கொட்டியிருப்பேன். அப்படி இருக்கும்போதுதான் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் மச்சாள். துடக்கு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், கையில் கூடையோடு நின்றாள்.

அவள் எனக்கு மச்சாள், நான் அவளுக்கு மச்சாள்; அதிகம் கதைக்காதவள். அண்ணன் கதைக்கிற வீட்டில் இன்னொருவர் கதைக்க இடமில்லை. இவள் இப்போது போய்ச் சொல்வாள், அவர் வந்து பாத்திரத்தைக் காலால் தள்ளுவார் என்று நினைத்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள், குனிந்து சுருள் கிடந்த வாளிக்குள் விரலை வைத்தாள்.

"தண்ணி சுடுது மச்சாள். மாத்தாமல் விட்டனீரோ?"

கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்ப் புதுத்தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து ஊற்றினாள். ஆவி அடங்கி, துளி ஒழுங்காக விழத் தொடங்கியது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "நல்லா மணக்குது," என்றாள். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அண்ணன் வரவில்லை.

வந்த சாராயம் அக்காவினது போல் இல்லை. விழுந்த தோல் செய்த வேலை, கொஞ்சம் அடிப்பிடித்த மணம். ஆனாலும் எரிவுக்குப் பின்னால் பழம் இருந்தது. ஒரு போத்தல் தேறியது. எனக்கு அது போதும்.

எட்டுச் செலவன்று காலையிலிருந்து குசினி நிறையப் பெண்கள். நண்டு கொதித்தது, மீன் பொரிந்தது, புட்டு அவிந்தது. பின்னேரம் அக்காவின் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் இலை விரித்தோம். அண்ணன் தலை தோய்ந்து வேட்டி கட்டி வந்து நின்றார். எல்லாக் கறியும் வைத்து முடிந்தது. சொக்கிலேட்டை உரித்து வைத்தேன். கோப்பியை வைத்தாள் மச்சாள். நான் உள்ளே போய் அந்தச் சின்னத் தடித்த கிளாசையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணன் சால்வையை உதறினார். அப்போது சித்தி இடையில் வந்து விழுந்தார். எங்கள் வீட்டுச் சண்டைகளை எல்லாம் அவர்தான் மெழுகி மூடுகிறவர்.

"ஏன் மோனை சண்டை? அந்தக் கோப்பிக் கோப்பைக்குள்ளை கொஞ்சம் விட்டு வையன். கோப்பியோடை கோப்பியாக் கிடக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்குக் கிடைச்சால் சரிதானே?"

அண்ணன் யோசித்தார். அவர் முகம் இளகியதைக் கண்டேன். "சரி," என்றார். "அப்பிடியெண்டால் வை. நான் காணேல்லை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எவ்வளவு பெரிய மனசு! ஆம்பிளை இறங்கி வந்துவிட்டார், இனி நான் ஊற்ற வேண்டியதுதான் மிச்சம். உண்மையைச் சொன்னால் என் கையும் கோப்பைப் பக்கம் ஒருதரம் போனது. களைத்திருந்தேன். அக்காவுக்குப் படைக்க ஆள் இருக்கும். சண்டை முடியும். பிறகு கோப்பியைப் பார்த்தேன். கறுப்பாக, அமைதியாக, எதையும் மறைக்கத் தயாராக இருந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் உள்ளே போய்க் குடிக்காதவளைச் செத்த பிறகு நான் கோப்பிக்குள் ஒளிக்கவா?

"ஏலாது," என்றேன். "தெரியவேணும் சித்தி. எல்லாருக்கும் தெரியவேணும். அவ குடிச்சவ. தானே வடிச்சுக் குடிச்சவ. முன்னுக்கு இருந்து குடிச்சவ. அது தெரியாட்டில் இது அவவின்ரை படையல் இல்லை."

"அப்ப நான் போறன்," என்றார் அண்ணன்.

"போங்கோ அண்ணை."

கிளாசைப் படத்துக்கு நேர் முன்னால், இலையின் தலைமாட்டில் வைத்து விளிம்புவரை ஊற்றினேன். அண்ணன் வெளியே போகிற செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போகவில்லை, படலையடியில் போய் ஒழுங்கையைப் பார்த்து முதுகு காட்டி நின்றார். போனால் சனம் ஏன் என்று கேட்கும், நின்றால் ஆர் அனுமதித்தது என்று கேட்கும். பாவம், அவருக்கும் நிற்க ஓர் இடம் இல்லை.

கற்பூரத்தை நான் கொளுத்தினேன். பெண் கொளுத்திய கற்பூரமும் எரியத்தான் செய்தது. தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. "அக்கா, வந்து சாப்பிடு. ஒண்டும் ஒளிச்சு வைக்கேல்லை. எல்லாம் முன்னுக்கு இருக்கு," என்று சொன்னேன். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அங்கேதான், சாத்திய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, செத்தவீட்டன்று அழாத அழுகையெல்லாம் அழுதேன். உள்ளே அவள் தனியாக இருந்து சாப்பிடுகிறாள் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

கதவைத் திறந்த பிறகு படைத்ததில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட வேண்டும், அது முறை. அப்பாவின் எட்டில் போத்தல் ஆம்பிளைகளோடு முன்னறைக்குப் போனது, அங்கேயே முடிந்தது. இன்றைக்கு ஆம்பிளைகள் படலையடி முதுகைப் பார்த்தார்கள், கிளாசைப் பார்த்தார்கள், புட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் கிளாசைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டு இருந்தார்கள். நான் குடிப்பேன், அதோடு சரி என்றுதான் நினைத்தேன்.

"தாரும் மச்சாள்," என்று மச்சாள் கை நீட்டினாள்.

அவள் கிளாசை இரண்டு கையாலும் வாங்கி, மணந்து, ஒரு வாய் குடித்தாள். இருமவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்து விழுங்கினாள்.

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து அந்த மனிசன்ரை கிளாசை நான்தான் கழுவிறன்," என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை, படலைவரை கேட்டிருக்கும். "உள்ளுக்கு இருந்தது என்ன எண்டு இண்டைக்குத்தான் தெரியுது."

இன்னொரு வாய் குடித்தாள். கழுவுகிற தொட்டி பக்கத்திலேயே இருந்தது. அவள் கிளாசைக் கழுவாமல், அப்படியே சித்தியிடம் நீட்டினாள். சித்தி ஒருதரம் வாசலைப் பார்த்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.